வாசகர் கேள்வி: பரணில் டர்பைன் வைத்தால் வெக்கை போய்விடுமா?

கேள்வி:

எங்களுடையது சரிவுக்கூரை வீடு. மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்து, அதன்மேல் உலோக ஷீட் போட்டிருக்கிறோம். கூரைக்கும் மாடி அறைகளின் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் ஆள் குனிந்து போகும் அளவுக்குப் பரண் இருக்கிறது. மாடியின் பரப்பு 900 சதுர அடி. வெயில் காலத்தில் இரவு 11 மணி ஆனாலும் மாடியில் படுக்க முடிவதில்லை. ஏசி நிற்காமல் ஓடுகிறது. குளிர் மாதங்களில் இன்னொரு தொல்லை. மழையே இல்லாத நாளிலும் காலையில் சீலிங்கில் ஈரம் தெரிகிறது, குளியலறைக்குப் பக்கத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்திருக்கிறது. ஒரு ஒப்பந்ததாரர், "உச்சியில் 2 டர்பைன் (காற்றில் சுழன்று உள்காற்றை இழுத்து வெளியேற்றும் கூரை உருளை) வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். இன்னொருவர், "ஓட்டையே கூடாது, முழுக்க ஃபோம் அடித்து மூடிவிடலாம்" என்கிறார். என் மைத்துனர் மின்விசிறி வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ ஓட்டை போட்டால் எலி வரும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது? பரணுக்குக் காற்றோட்டம் உண்மையிலேயே அவசியமா? படங்கள் சில இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் படங்களில் முதலில் என் கண்ணில் பட்டது, நான்காவது படத்தின் ஓரத்தில் தெரிகிற வெள்ளைக் குழாய். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து கிளம்பி, சீலிங்கைத் துளைத்து மேலே வந்து, பரணுக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதைப் பொருத்தியவர் குளியலறை ஈரத்தை வெளியேற்றிவிட்டதாக நினைத்திருப்பார். குளியலறையை விட்டு வெளியேறியது உண்மைதான். வீட்டை விட்டு வெளியேறவில்லை.

அந்தக் குழாய்க்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ஆமாம், உங்கள் வீடு மாதிரியான கூரைக்குக் காற்றோட்டம் தேவை. அது நன்றாகச் செய்கிற வேலை ஈரத்தை வெளியேற்றுவது. வெக்கையைக் குறைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் விற்பவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. உங்களிடம் இரண்டு தொல்லையும் இருப்பதால் இரண்டையும் தனித்தனியாகவே பார்ப்போம். ஒரே மருந்தை இரண்டுக்கும் எழுதிக் கொடுத்ததில்தான் உங்கள் ஒப்பந்ததாரர்கள் இருவரும் தடுமாறியிருக்கிறார்கள்.

ஈரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வெக்கை ஆளைத்தான் வாட்டும், ஈரம் கூரையையே தின்றுவிடும்.

மழை இல்லாத நாளில் கூரைக்கடியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்குள்ளிருந்து. குளிக்கிறோம், சமைக்கிறோம், துணி உலர்த்துகிறோம், மூச்சு விடுகிறோம். ஒரு குடும்பம் இப்படி ஒரு நாளில் பல லிட்டர் தண்ணீரை நீராவியாகக் காற்றில் கலக்கிறது. அந்தக் காற்று சூடானது, லேசானது. சீலிங்கில் எங்கே சந்து கிடைத்தாலும் மேலே ஏறிவிடும். விளக்கு பொருத்திய ஓட்டை, ஒயர் போன ஓட்டை, பரண் கதவின் விளிம்பு, இதெல்லாம் போதும். ஜிப்சம் போர்டு வழியாகவே ஈரம் ஊறிப் போவதும் உண்டு. ஆனால் சந்து வழியாகக் காற்றோடு போகிற ஈரம் அதைவிட மிக அதிகம்.

இரவில் மேகமில்லாத வானத்தின் கீழ் உலோக ஷீட் தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். காலையில் வண்டியின் மேற்கூரை, மழையே பெய்யாமல் நனைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். வண்டியில் வெளிப்பக்கம் நனைகிறது, உங்கள் வீட்டில் உள்பக்கமும் சேர்ந்து நனைகிறது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 28 டிகிரியில், குளித்து முடித்த அறையின் காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அது 18 டிகிரி உள்ள ஷீட்டைத் தொட்டால், அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடியது 15 கிராம்தான். மீதி 9 கிராம் நீராகிவிடும். மணிக்கு 100 கனமீட்டர் இழுக்கும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் கால் மணி நேரம் ஓடினால் 25 கனமீட்டர் காற்றைப் பரணுக்குள் தள்ளும். அதிலிருந்து 225 கிராம் தண்ணீர் வரலாம். அத்தனையும் ஷீட்டில் படியாது, பலகையும் கொஞ்சம் குடிக்கும், கொஞ்சம் காற்றிலேயே கரையும். இருந்தாலும் ஒருவர் குளித்தால் அதிகபட்சம் ஒரு டம்ளர் தண்ணீர் பரணுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எழுதவில்லை. பெருக்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஆகவே கறுப்புப் புள்ளிகள் குளியலறைக்குப் பக்கத்தில் விழுந்ததில் ஆச்சரியமில்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அது போதும். மரம் உளுத்துப்போக அதைவிட அதிக ஈரம், அதிக காலம் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை கவலை இல்லை. 28, 30 என்று ஏறி அங்கேயே தங்கிவிட்டால்தான் மரத்தைத் தின்னும் காளான் வேலையைத் தொடங்கும். உங்கள் படத்தில் பலகை நிறம் மாறியிருக்கிறதே தவிர இற்றுப்போனதாகத் தெரியவில்லை. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது.

இதற்காகப் பரணுக்கு ஒரு முறை நீங்களே ஏறித்தான் ஆக வேண்டும். விடியற்காலையில் ஏறுங்கள், வெயில் ஏறிவிட்டால் மேலே நிற்க முடியாது. முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள். கால் வைப்பது உத்தரத்தின் மேல் மட்டும். ஜிப்சம் போர்டில் கால் வைத்தவரின் செருப்பு கீழே படுக்கை அறையில் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, செருப்போடு நின்றது. குளவிக்கூடு இருக்கிறதா, ஒயர் எதுவும் உரிந்து கிடக்கிறதா என்று வாசலில் நின்றே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

மேலே மூன்று விஷயம் பாருங்கள். பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே நீட்டியிருக்கும் ஸ்குரூ முனைகள் ஒன்று. ஷீட்டின் குளிர்ச்சி முதலில் இறங்குவது அவற்றின் வழியாகத்தான். குளிர்காலக் காலையில் ஒவ்வொரு முனையிலும் ஒரு சொட்டு தொங்கும். மற்ற நாளில் துருவும், அதைச் சுற்றி மரத்தில் வட்டக் கறையும் இருக்கும். பரண் முழுக்க இப்படித் துரு பரவியிருந்தால் அது ஈரக் காற்றின் வேலை. ஒரே இடத்தில் மட்டும், மழைக்குப் பிறகு மட்டும் நனைந்தால் அது ஒழுகல். அதற்குக் காற்றோட்டம் எதுவும் செய்யாது, ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சீலிங்கின் மேல் விரித்திருக்கும் கிளாஸ் வுல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு. அதில் அங்கங்கே அழுக்கேறிக் கறுத்த திட்டுகள் இருந்தால் பூஞ்சை என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது தூசி. கீழே சந்து இருக்கிற இடத்தில் வீட்டுக் காற்று பஞ்சு வழியாக மேலே ஏறும், தூசி வடிகட்டியில் தங்குவதுபோல் பஞ்சில் தங்கிவிடும். அந்தத் திட்டைத் தூக்கிப் பார்த்தால் கீழே ஓட்டை இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவாகும் கருவி கொண்டு தேட வேண்டியதை அந்த அழுக்கே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது, வெளியே வெளிச்சம் வந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு 5 நிமிடம் சும்மா இருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் கூரையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். இறவாரத்தின் ஓரமாக வெளிச்சம் கீற்றுக் கீற்றாகத் தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே காற்று வர வழி இருக்கிறது. உங்கள் படங்களை வைத்துப் பார்த்தால் ஒரு கீற்றும் தெரியாது. இறவாரத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பலகை அடித்து மூடியிருக்கிறது. முக்கோணச் சுவரிலும் ஜன்னல் இல்லை. அதாவது உங்கள் பரண் மூடி போட்ட பாத்திரம். அதற்குள் ஒரு குளியலறையின் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது டர்பைன் சொன்னவரிடம் வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. 12 அங்குலக் கழுத்து உள்ள டர்பைன் ஒன்றின் திறப்பு 113 சதுர அங்குலம். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை சதுர அடிக்கும் சற்று மேல். உங்கள் பரணின் அளவுக்கு வெளியேறும் வழியாக அது போதும். கணக்கைக் கீழே தருகிறேன். அவர் விட்டது உள்ளே வரும் வழியை. வீட்டுக்காரரும் அதைக் கேட்பதில்லை. டர்பைன் சுற்றுவது தெருவிலிருந்தே தெரிகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. இறவாரத்தின் அடியில் இருக்கும் சின்னச் சந்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு முகட்டில் அழகாகத் திறப்பு வைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "சார், நீங்க வந்துட்டுப் போனதிலிருந்து கரண்ட் பில் ஏறியிருக்கு." நம்பவில்லை. நேரில் போனேன். மாடி அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்துச் சீலிங் விளக்கின் ஓரமாகப் பிடித்தேன். அது கையை விட்டு மேலே போய் ஒட்டிக்கொண்டது. முகட்டு வழியாக வெளியே போன காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும் இல்லையா? இறவாரம் மூடியிருந்தது. அதனால் வீட்டுக்குள்ளிருந்தே, அதுவும் காசு கொடுத்துக் குளிர வைத்த காற்றை, பரண் உறிஞ்சிக்கொண்டிருந்தது. குளிர்காலம் வந்திருந்தால் அதே வழியில் ஈரத்தையும் உறிஞ்சியிருக்கும். என் செலவில் இறவாரத்தைத் திறந்து கொடுத்தேன்.

உங்கள் மைத்துனர் சொல்லும் மின்விசிறி இதே தப்பை இன்னும் வேகமாகச் செய்யும். டர்பைனாவது காற்று வீசும்போதுதான் பலமாக இழுக்கும். மோட்டார் எப்போதும் இழுக்கும். உள்வரும் வழி போதாதபோது அது வீட்டுக்குள் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அப்போது கேஸ் கீசரோ, புகைக்குழாய் உள்ள அடுப்போ வீட்டில் இருந்தால், மேலே போக வேண்டிய புகை திரும்பி அறைக்குள் இறங்கலாம். அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உங்கள் வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் மின்விசிறிப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். இல்லாவிட்டாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இறவாரமும் முகடும் சரியாகத் திறந்திருந்தால் அதற்கு வேலை இல்லை. திறந்திராவிட்டால் அது செய்யும் வேலை நமக்கு வேண்டாம்.

சரி, எவ்வளவு திறப்பு வேண்டும்? அமெரிக்காவில் 1942-இல் வீட்டுக்கடன் உத்தரவாதத்துக்கான அரசு விதிமுறைகளில் 300-க்கு 1 என்ற விகிதம் வந்தது. பரணின் தரைப்பரப்பு 300 சதுர அடி என்றால் திறப்பு 1 சதுர அடி. இன்றைக்கும் அங்கே கட்டட விதிகளில் அடிப்படை அளவு 150-க்கு 1; திறப்பில் ஏறக்குறைய பாதி மேலேயும் மீதி கீழேயும் இருந்தால் 300-க்கு 1 போதும் என்கிறார்கள், குளிர்ப் பிரதேசமானால் சீலிங்கில் ஈரத்தடுப்பும் கேட்கிறார்கள். எல்லாத் தட்பவெப்பத்துக்கும் பொருந்தும் வேதவாக்கு அல்ல இது. ஆனாலும் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் கணக்கு, தொடங்குவதற்கு நல்ல இடம்.

உங்கள் 900 சதுர அடிக்கு 300-க்கு 1 என்றால் மொத்தம் 3 சதுர அடி. மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை. இது தடையில்லாத வெறும் திறப்பின் அளவு. வலை அடித்தால், சாய்சட்டம் வைத்தால், அதில் பாதிகூட அடைபட்டுப் போகும். ஆகவே கீழே 3 சதுர அடிக்கு வெட்டுங்கள். பெரிதாகத் தோன்றுகிறதா? உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் 30 அடி இறவாரம், மொத்தம் 60 அடி. 60 அடி நீளத்துக்கும் பரவலாக வெட்டினால் அகலம் 15 மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம். கீழே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

கீழ்த் திறப்பு மேல் திறப்பைவிடச் சற்று அதிகமாக இருந்தால் நல்லது, குறைவாக இருக்கக் கூடாது. காரணம் நான் சொன்ன அந்த டிஷ்யூ தாள்தான்.

காற்று எப்படி ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யார் எதைக் கொண்டுவந்து விற்றாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். காற்றே வீசாத நாளில் சூடான காற்று மிதந்து முகட்டு வழியாக வெளியேறும், அந்த இடத்துக்கு இறவாரத்திலிருந்து புதுக்காற்று ஏறும். உயரமும் சூட்டு வித்தியாசமும் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். வெளியே காற்று வீசினாலோ அதுதான் பெரிய உந்துதல். கீழிருந்து மேல்வரை கூரையின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே காற்று போக வேண்டும் என்பதுதான் நமக்கு வேண்டியது. முகட்டுக்குப் பக்கத்திலேயே முக்கோணச் சுவரில் இன்னொரு ஜன்னல் வைத்தால், காற்று அந்தச் சுருக்குவழியில் புகுந்து உடனே வெளியேறிவிடும். கீழ்ப்பக்கம் காற்று அசையாமலே கிடக்கும். எனவே ஒரே வகை மேல் திறப்பு போதும். முகடு நெடுகத் திறப்பு வைத்தால் டர்பைன் வேண்டாம். டர்பைன் வைத்தால் முகடு வேண்டாம். எதை வைத்தாலும் சாய்ந்து அடிக்கும் மழை உள்ளே வராதபடி தடுப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எலி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது நியாயமான பயம். அதற்குத்தான் வலை. 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பிவலை எலி, அணில், வௌவால், குருவி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பூச்சியும் வரக்கூடாது என்று கொசுவலை அடிக்காதீர்கள். ஒரு வருடத்தில் தூசி அடைத்துவிடும். அடுத்த முறை வண்ணம் பூச வருபவர் அதன்மேலேயே ஒரு பூச்சு பூசி மொத்தமாக மூடிவிடுவார். பிளாஸ்டிக் வலை வேண்டவே வேண்டாம், எலிக்கு அது பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி.

அடுத்து வெக்கை. இங்கேதான் உங்களை ஏமாற்றக் கூடாது என்று நினைக்கிறேன்.

உச்சிவெயிலில் அடர்நிற ஷீட் 70 டிகிரி வரைகூடச் சுடும். அந்தச் சூடு சீலிங்குக்கு இறங்குவது பரணில் உள்ள காற்று வழியாக மட்டும் இல்லை. பெரும்பகுதி கதிர்வீச்சாகவே இறங்குகிறது. எரியும் அடுப்பின் பக்கத்தில் நின்றால், நடுவில் விசிறி ஓடினாலும் முகத்தில் அனல் தெரியும் அல்லவா, அதுபோல. கூரையின் அடிப்பக்கம் ஒரு பெரிய தோசைக்கல். அது கீழே இருக்கும் சீலிங்கை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பரண் காற்றை மாற்றலாம், அந்தப் பார்வையைக் காற்று மறைக்காது. அதனால் காற்றோட்டம் வைத்ததும் பரணின் காற்று கணிசமாகக் குளிர்ந்தாலும், மாடி அறையில் அதே அளவு வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். கூரைப் பொருளின் சூடே சில டிகிரிதான் குறையும். அதைத் தீர்மானிப்பதில் நிறத்துக்கே பங்கு அதிகம்.

வெக்கைக்கு உண்மையான வைத்தியம் வேறு மூன்று. ஷீட்டின் மேல் வெள்ளை நிறப் பிரதிபலிப்புப் பூச்சு. அது வெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். கைமரங்களின் அடிப்பக்கமாக அலுமினியத் தாள். ஒரு பரப்பு அதன் சூட்டுக்கு அதிகபட்சம் வீசக்கூடிய அனலில், சாதாரண மரமோ பலகையோ 90 சதவீதம்போல வீசும் என்றால், பளபளப்பான அலுமினியம் 5 சதவீதம்தான் வீசும். ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். எதன்மேலாவது ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம், சூட்டைக் கடத்தும். தரையில் விரித்தாலும் பிரயோசனம் குறைவு, தூசி படிந்ததும் பளபளப்பு போய்விடும். மூன்றாவது, சீலிங்கின் மேல் கிளாஸ் வுல். உங்கள் படத்தில் இருப்பது 2 அங்குலம்கூடத் தேறாது. 6 அங்குலமாக்குங்கள். வித்தியாசம் கையால் தொட்டே தெரியும்.

அப்படியானால் வெக்கைக்குக் காற்றோட்டம் எதற்கு? ராத்திரிக்கு. பகல் முழுக்கச் சூடேறிய பலகையும் உத்தரமும் முக்கோணச் சுவரும் பொழுது சாய்ந்த பிறகும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கின்றன. மூடிய பரணில் அது போக இடமில்லாமல் சீலிங் வழியாகக் கீழே வருகிறது. அதுதான் உங்களை 11 மணி வரை படுக்க விடாதது. வழி இருந்தால் சாயங்காலக் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். நடுப்பகலைவிட இந்த நேரத்தில்தான் நீங்கள் மாற்றத்தை உணர்வீர்கள்.

கிளாஸ் வுல் போடும்போது ஒரு எச்சரிக்கை. வேலைக்கு வருகிறவர்கள் பஞ்சை இறவாரம் வரைக்கும் அடைத்துத் திணித்துவிட்டுப் போவார்கள், நல்லது செய்கிறோம் என்று நினைத்து. நீங்கள் பாடுபட்டு வெட்டிய 15 மில்லிமீட்டர் சந்து உள்பக்கமாக மூடிக்கொள்ளும். கூரைப் பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவில் குறைந்தது 1 அங்குலம் காற்றுப் பாதை விட வேண்டும். ஒவ்வொரு கைமரச் சந்திலும் அட்டை மாதிரியான தடுப்பு ஒன்றை முதலில் பொருத்திவிட்டு அப்புறம் பஞ்சு விரிக்கச் சொல்லுங்கள். கூடவே நின்று பாருங்கள். அவர்கள் போனபின் மறுபடி டார்ச்சை அணைத்துப் பாருங்கள்.

முழுக்க ஃபோம் அடித்து மூடச் சொன்னவரை நான் தள்ளிவிட மாட்டேன். அது இன்னொரு முறை, தவறான முறை அல்ல. சூட்டுத்தடுப்பைச் சீலிங்கிலிருந்து எடுத்துக் கூரையின் அடியில் ஒட்டிவிட்டால் பரண் வீட்டின் ஓர் அறை மாதிரி ஆகிவிடுகிறது. புழுக்கமான கடலோரங்களில், அதுவும் ஏசி குழாய்கள் பரண் வழியாகப் போகிற வீடுகளில், அதுவே நல்லது. ஏனென்றால் அங்கே வெளிக்காற்றே ஈரமூட்டை, அதை உள்ளே விட்டால் குளிர்ந்த குழாய்மேல் வேர்த்துக் கொட்டும். காட்டுத்தீ வரும் பகுதிகளிலும் திறப்பு வழியாகத் தீப்பொறி புகும் அபாயம் உண்டு, அங்கே திறப்பைக் குறைக்கவோ பொறி புகாத நுண்வலை போடவோ செய்வார்கள். ஆனால் மூடுவதென்றால் ஒரு சந்து விடாமல் மூட வேண்டும். பாதி மூடிய கூரை இரண்டு முறையின் கெடுதலையும் சேர்த்துத் தரும். குளியலறைக் குழாயை உள்ளே விட்டபடியே ஃபோம் அடித்தால், ஈரத்தைப் பலகைக்குள் வைத்துத் தைத்த மாதிரி. உங்கள் வீட்டில் ஏசி குழாய் பரணில் இல்லை, பலகையும் இப்போது ஈரமாக இருக்கிறது. அதனால் உங்களுக்கு நான் திறந்த முறையைத்தான் சொல்வேன்.

பனி பொழியும் நாட்டில் இருப்பவர்களுக்கு இதே விஷயம் வேறு முகம் காட்டும். வீட்டுச் சூடு பரணுக்கு ஏறிக் கூரைமேல் பனியை உருக்கும், உருகிய நீர் குளிர்ந்த இறவாரத்துக்கு வந்ததும் மீண்டும் உறைந்து கரை கட்டும், அதன் பின்னால் தேங்கும் நீர் ஓட்டுக்கடியில் புகும். அங்கே கூரையைக் குளிராகவே வைத்திருப்பதற்குக் காற்றோட்டம். காங்கிரீட் மொட்டைமாடிக்காரர்கள் இதை வாசித்துக் கவலைப்பட வேண்டாம், அவர்களுக்குப் பரணே இல்லை.

உங்கள் வேலைக்கு வரிசை முக்கியம். நாளைக்கே செய்ய வேண்டியது அந்த வெள்ளைக் குழாய். அதை நீட்டிச் சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியே கொண்டுபோய், முனையில் காற்று திரும்ப வராத மூடி போடுங்கள். இறவாரத்துக்கு அடியில் மட்டும் விடாதீர்கள், அங்கே விட்டால் புதிதாக வெட்டப்போகும் சந்து வழியாக அதே ஈரம் மறுபடி உள்ளே வரும். பரண் வழியாகப் போகும் நீளத்துக்குக் குழாயைச் சுற்றிப் பஞ்சு கட்டுங்கள். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே வேர்த்துக் குளியலறைக்குள் சொட்டும். பிறகு பஞ்சில் கறுத்த திட்டுகளைத் தூக்கிப் பார்த்துக் கீழே உள்ள சந்துகளை அடையுங்கள். சூடாகும் விளக்குகளைச் சுற்றி மட்டும் நீங்களாக எதையும் திணிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். பரண் கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அதற்கப்புறம் இறவாரத்தை வெட்டுவது, அதற்கும் பிறகே முகட்டில் டர்பைன். கிளாஸ் வுல்லும் வெள்ளைப் பூச்சும் பலகை உலர்ந்த பின்னால் வரட்டும். நனைந்த மரத்தின் மேலே புதுப் பஞ்சைப் போர்த்த வேண்டாம்.

இதை ஒரே மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டையும் செய்தாலே உங்கள் ஈரப் பிரச்சினை பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. டர்பைன் வாங்கும் முடிவை அதன் பிறகு நிதானமாக எடுக்கலாம்.

சீலிங்கில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளை முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, விசிறி வைத்து உலர்த்துங்கள். போர்டு நொதநொதவென்று இருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுவதுதான் சரி. உடனே வண்ணம் பூசி மறைத்துவிடாதீர்கள். துடைத்த பிறகும் மங்கலாக ஒரு கறை நிற்கும். அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் போகட்டும். கோடு அப்படியே இருந்தால் வண்ணம் பூசிக்கொள்ளலாம். மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டியிருந்தால் ஷீட் ஒழுகுகிறது; பனிக்காலத்தில் தாண்டியிருந்தால் இன்னும் எங்கோ ஒரு சந்து பாக்கி இருக்கிறது. எதுவானாலும் அந்தக் கோட்டோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.